மிஸ்ரி தேய்த்த வாய்

இப்போது என் வாய் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறக்கிறது. பேசினால் பாதிச் சொற்கள் உள்ளேயே குழைந்துவிடுகின்றன. காய்கறிக்காரர் இரண்டு முறை "க்யா?" என்று கேட்பார், மூன்றாவது முறை என்னை விட்டுவிட்டு என் மகளைப் பார்ப்பார். அதனால்தான் எழுதுகிறேன். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள் நான். பேச்சு போனாலும் எழுத்து என்னிடம் இருக்கிறது.

என் பெயர் செல்வி. வயது நாற்பத்தேழு. புத்தகப் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைத்துத் தைப்பது என் வேலை. என் வீட்டுக்காரருக்கு மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் பியூன் வேலை. ஒரே மகள் ரேவதி, கூரியர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி வந்தது. பட்டறையில் எனக்குப் பக்கத்து மிஷின் சங்கீதா தாயியுடையது. அக்காவை மராட்டியில் தாயி என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நான் சாப்பிடாமல் இருந்தால் தன் பாக்ரி ரொட்டியில் பாதியைப் பிட்டு என் பக்கம் தள்ளுகிறவள். அவள்தான் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கறுப்புத் தூளில் ஒரு சிட்டிகையை என் விரலில் வைத்து, "லகா லே, ஆராம் மிலேகா" என்றாள். தேய்த்துக்கொள், சுகமாயிருக்கும் என்று. புகையிலையை இரும்புக் கல்லில் கறுக வறுத்துப் பொடித்த தூள் அது. பார்வைக்குக் கரிப் பல்பொடிபோலவே இருக்கும். மிஸ்ரி என்று பெயர்.

அது புகையிலை என்று எனக்குத் தெரியாது என்று எழுதலாம். எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் கூடும். ஆனால் எனக்குத் தெரியும். முதல் நாள் தலை சுற்றி வாந்தி எடுத்தபோதே தெரியும். வலி போய்விட்டது, அதனால் மறுநாளும் தேய்த்தேன். ஒரு மாதம் கழித்து அதைத் தேய்க்காமல் வயிறு இளகாது, காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பதே வீண் என்றாகிவிட்டது. பசி எடுக்கும்போது தேய்த்தால் பசி அடங்கும். கீழ்த்தாடையின் இடது பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் மிஷினைவிட்டு எழுந்திருக்காமல் தைக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை. நான் புகைபிடிக்கவில்லை, மென்று சாலையில் துப்பவில்லை, பல் விளக்குகிறேன், அவ்வளவுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் குட்கா போட்டே தாடை அழுகிச் செத்தவர். அந்தச் சாவுக்குப் பிறகு புகையிலை போடுகிற யாரும் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். எங்கள் தெருச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அந்த நாத்தம் கிடையாது" என்று அவர் பேசியபோது நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவில்தான் மிஸ்ரியை ஒளித்து வைத்திருந்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில், மிஸ்ரி ஒதுக்கும் அதே இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு புண் வந்தது. வலி இல்லை. காரம் பட்டால் மட்டும் எரியும். பல் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். தெருமுனைப் பல் டாக்டரும் அதையே சொல்லி, பல்லின் கூர்முனையை ராவிவிட்டு, தடவ மருந்து கொடுத்தார். புண் ஆறவில்லை. நான்கு மாதத்தில் அது கொட்டைப்பாக்கு அளவுக்கு ஆனது. ஓரம் தடித்து, தொட்டால் ரத்தம் வந்தது. பக்கத்துப் பல் இரண்டும் ஆடின. ஒரு நாள் தோசையை மடித்து வாயில் வைக்கப் போனேன். வாய் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. மறுபடி போனபோது பல் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னிக்கே போங்க" என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை யாருமே சும்மா விடக்கூடாது என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். நான் நான்கு மாதம் விட்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிக் கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது துண்டுகள்தான். ஆண்கள் துண்டாலும் பெண்கள் சேலைத் தலைப்பாலும் முகத்தின் கீழ்ப்பாதியை மூடியிருந்தார்கள். துண்டு விலகிய ஒருவருக்கு ஒரு பக்கத் தாடையே இல்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கில் செருகிய குழாயில் யாரோ ஊற்றிய பாலை, தனக்குச் சம்பந்தமில்லாதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அங்கன பாக்காத" என்றார்.

சோதித்தவர் இளம் பெண் டாக்டர். மராட்டிப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "தம்பாகூ? குட்கா? மிஸ்ரி? ஏதாவது பழக்கம் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "எங்க வீட்டுல அதெல்லாம் கிடையவே கிடையாது, டாக்டர்" என்றார். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டிச் சின்னச் சீசாவில் போட்டார்கள். பயாப்ஸி என்பது இதுதான். அந்தத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் புற்றா இல்லையா என்று முடிவு சொல்வார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் மிஸ்ரி தேய்த்தேன். இடது பக்கம் வெட்டின காயம் இருந்ததால் வலது பக்கம் தேய்த்தேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

புற்றுதான். ஈறைத் தாண்டித் தாடை எலும்பின் விளிம்பைத் தொட்டிருக்கலாம், கழுத்தில் ஒரு நெறிக்கட்டியும் சந்தேகமாயிருக்கிறது, சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும் என்றார்கள். என் வீட்டுக்காரர் அழவில்லை. டாக்டரைப் பார்த்து, "இவ ஒரு பாவமும் அறியாதவ" என்று தமிழிலேயே சொன்னார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே அரை நாள் காத்திருந்தோம். அங்கேதான் டோம்பிவிலியிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்தது. தன் அண்ணனை ஸ்கேனுக்கு அழைத்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல சட்டை, சிவந்த பற்கள். அவரும் என் வீட்டுக்காரரும் பேச்சுக் கொடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு நாக்கில் என்றார் அவர். "இருபது வருசமா குட்கா. நானும் போடுறேன். இவனுக்கு வந்ததிலிருந்து ஒரு வாரமாத் தொடலை" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "என் பொஞ்சாதி வெத்தலகூடப் போட்டதில்ல. அவளுக்கும் வந்திருக்கு, பாருங்க" என்று இந்தியில் சொன்னார்.

அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "அப்படின்னா எல்லாம் நசீப்தான், தலையெழுத்துதான், இல்லியா பாயி? போட்டாலும் வரும், போடாட்டியும் வரும்" என்றார். பிறகு எழுந்து வாசல் பக்கம் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சட்டைப் பையிலிருந்து இரண்டு சின்னப் பாக்கெட்டுகளை எடுத்தார். ஒன்று பாக்கு, ஒன்று புகையிலை. தனித்தனியாக விற்பார்கள், கலந்து போட்டுக்கொள்வார்கள். இரண்டையும் பல்லால் கிழித்து உள்ளங்கையில் கொட்டி, தலையை அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து போயிருக்கலாம். பத்தடி தூரம்தான். "பாயி, அது பொய்" என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் வீட்டுக்காரர் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஏதோ ஒரு பாரத்தில் முத்திரை வாங்க அவரைக் கீழே அனுப்பினார்கள். நான் அந்தப் பெண் டாக்டரின் மேசைக்குப் போய் நின்றேன்.

"மேடம், நான் மிஸ்ரி தேய்ப்பேன்."

"எத்தனை வருஷம்?"

"பத்தொன்பது."

அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து எழுதினார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, நான் புரிந்துகொள்ளும் இந்தியில் பொறுமையாகப் பேசினார். புகை இல்லை என்பதால் கேடு இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்; பொடியோ, இலையோ, பாக்கோடு கலந்ததோ, வாய்க்கு எல்லாம் புகையிலைதான். ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஒதுக்கி வைத்தால் அதன் நஞ்சு அந்தத் தோலில் ஊறிக்கொண்டே இருக்கும். தோல் வெந்து, உரிந்து, மறுபடி வளரும். வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் ஒரு நாள் அதற்கு எப்படி வளர்வது என்பதே மறந்துவிடும், கட்டுக்கடங்காமல் வளரும். அதுதான் இந்தப் புண். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும்கூடப் புகையிலை கெடுதல். "இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தாமல் ஆபரேஷன் செய்தால் காயம் ஆறாது. நாங்கள் ஒட்டுகிற தோலும் பிடிக்காது" என்றார்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, மேடம்."

"அது உங்கள் வீட்டு விஷயம்" என்றார். "நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபைலில் எழுதிவிட்டேன்."

என் வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். டாக்டர் கையெழுத்து வராது. ரேவதிக்கு வரும். இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு என்னோடு வந்தவள், வரிசையில் நின்றபடி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"அம்மா, யே க்யா ஹை, என்ன இது? மிஸ்ரி, நைன்டீன் இயர்ஸ்னு போட்டிருக்கு. வேற யாரோட பேப்பரா?"

அவள் என்னைப் பார்த்தாள். வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

"நான் பிறந்ததுலேர்ந்தா?"

"நீ மூணு வயசா இருக்கும்போது."

"அப்பாட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"ஆபரேசன் முடியட்டும்ட்டி. உன் கால்ல வேணாலும் விழுதேன். நானே சொல்லுதேன்."

அவள் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கையை நீட்டினாள். பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கழிப்பறையில் கொட்டி, டப்பாவையும் அங்கேயே எறிந்துவிட்டு வந்தாள். அடுத்த எட்டு நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. தலை பிளந்தது. வயிறு கல்லாகிவிட்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பாத்திரத்தை எறிந்தேன். ஒரு நாள் அடுப்புக் கரியைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், அந்த நெடியாவது கிடைக்காதா என்று. என் வீட்டுக்காரர், "பயத்துல இப்படி ஆயிட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார். ரேவதி மட்டும் சீரகத்தை வறுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். நினைப்பு வரும்போதெல்லாம் அதை மென்றேன்.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது என்று பிறகு சொன்னார்கள். இடது கன்னத்தின் உள்தோல், ஐந்து பற்கள், கீழ்த்தாடை எலும்பின் மேல்விளிம்பு, கழுத்தின் நெறிக்கட்டிகள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். என் இடது முன்கையிலிருந்து தோலை ரத்தக் குழாயோடு எடுத்துக் கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். கையில் ஏற்பட்ட பள்ளத்தைத் தொடைத் தோலால் மூடினார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். உணவுக்கு மூக்கு வழியாக வயிறு வரை இன்னொரு குழாய். கழுத்துக் குழாய் இருக்கும்வரை பேச்சு வராது. காற்று குரல்வளைக்குப் போகாமல் துளை வழியாகவே போய்விடும். அந்தக் குழாயில் சளி அடைக்கும்போது மூச்சு நின்றுபோகும். நர்ஸ் சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கும் அந்த ஐந்து நொடியும், நீரில் அமுக்கி வைத்தது போல இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை. கண்ணாடி தரவேண்டாம் என்று நர்ஸிடம் ரேவதி சொல்லி வைத்திருந்தாள். ஆனால் தண்ணீர் வைக்கும் ஸ்டீல் தட்டில் நான் என்னைப் பார்த்துவிட்டேன். முகம் பூசணிக்காய் போல வீங்கி, காதின் கீழிருந்து மோவாய் வரை தையல்.

எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார்கள். அப்போதுதான் எங்கள் வீட்டின் ஒரு குறை எனக்கு உறைத்தது. எனக்கு வேகமாக எழுத வருவது தமிழ் மட்டும். ரேவதி தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். மராட்டிப் பள்ளியில் படித்தவள். நான் 'தாகம்' என்று எழுதிக் காட்டினால் அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். டம்ளர் படம் போட்டுக் காட்டினேன். வலித்தால் முகம் படம். ஒரு முறை 'நீ சாப்பிட்டியா?' என்று எழுதிவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பயந்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்து படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் வார்டுக்கு வெளியே போய் வெகுநேரம் நின்றிருந்தாள்.

ஆறாம் நாள் அவர் வந்தபோது எதிர்க் கட்டிலில் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். அந்த அம்மாவின் மகனிடம் இவர், "எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவளுக்கு இப்படி" என்று ஆரம்பித்தார். அந்த மகன் தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். என்ன வைத்திருந்தானோ எனக்குத் தெரியாது. நான் கட்டிலின் கம்பியைத் தட்டினேன். அவர் திரும்பினார். நோட்டை எடுத்து எழுதினேன்.

'உங்ககிட்ட மறைச்சுட்டேன். பத்தொன்பது வருசமா மிஸ்ரி தேய்ச்சேன். அது புகையிலை. அதனாலதான் வந்தது. இனிமே யார்கிட்டயும் ஒன்னும் இல்லாம வந்ததுன்னு சொல்லாதீங்க.'

அவர் எப்போதும் போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். 'மிஸ்ரி' வரை சத்தமாகப் படித்தார். அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது முறை படித்தார். ரேவதியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

நோட்டை மூடிக் கட்டிலின்மேல் வைத்தார். கொண்டுவந்த ஃப்ளாஸ்கைத் திறந்து, கஞ்சியைக் குழாய்க்குள் போகும் பதத்துக்கு வடிகட்டி, எப்போதும் போல மெதுவாக ஊற்றினார். முடிந்ததும் குழாயைத் தண்ணீர்விட்டுக் கழுவி மூடினார். போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஃப்ளாஸ்க் மட்டும் வந்தது. பாசிப்பருப்பும் அரிசியும் வேகவைத்து, அரைத்து, வேட்டித் துணியில் இரண்டு முறை வடித்தது. அவர் கைதான் என்று எனக்குத் தெரிந்தது. ரேவதியிடம் கேட்க எனக்கு வழியில்லை. நான் நோட்டில் ஒரு மனிதன் படம் போட்டு அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அவள் "தெரியலம்மா. காலைல சமைச்சிக் குடுத்துட்டுப் போயிருதாரு. வேலைக்கும் போகல்ல" என்றாள். அண்ணன் செத்தபோதுகூடச் சுடுகாட்டிலிருந்து நேராக வேலைக்குப் போனவர் அவர். இனி அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். கழுத்துக் குழாயோடு அழுவது கஷ்டம். சத்தம் வராது, சளிதான் வரும்.

மூன்றாம் நாள் வந்தார். சவரம் செய்யாத முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்திரத்துல வரல்லன்னு நெனைக்காத" என்றார். "ஆத்திரம் இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு நாளும் நான் கீழ ஹால்லதான் உக்காந்திருந்தேன். மேல ஏறி வரக் காலு வரல்ல."

நான் நோட்டை எடுக்கப் போனேன். அவர் என் கையை அமுக்கிவிட்டார்.

"எத்தன பேர்ட்டச் சொல்லிட்டேன், செல்வி. அந்த டோம்பிவிலிக்காரன், அவனுக்கு ஒரு பேரு கேட்டு வச்சேனா, நம்பர் வாங்கினேனா? ஒரு வாரமாத் தொடலன்னு சொன்னான். நாந்தான் திரும்ப எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிட்டு. அண்ணனக் கட்டுமாத்தக் கூட்டிட்டு வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல்ல."

எதிர்க் கட்டில் அம்மாவின் மகன் பிளாஸ்டிக் கவரோடு உள்ளே வந்தான். என் வீட்டுக்காரர் எழுந்து அவனிடம் போனார். அவர் என்ன சொன்னார் என்று முழுவதும் கேட்கவில்லை. 'மிஸ்ரி' என்ற சொல் மட்டும் கேட்டது. அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்த முறை நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், "பல்லு வலிக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, ஏளா?" என்றார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. நான் பல் வலி என்று சொன்னதும், சம்பளம் வரட்டும் என்று அவர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதை எழுதிக் காட்டவில்லை.

கழுத்துக் குழாயை எடுத்தார்கள். தைத்த தோல் பிடித்துக்கொண்டது. எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் புற்று இருந்ததால் ரேடியேஷன் வேண்டும் என்றார்கள். முகத்தின் அச்சில் ஒரு வலைமூடி செய்து, அதை மேசையோடு திருகி, தலை அசையாமல் கதிரைப் பாய்ச்சுவார்கள். வலிக்காது. பிறகுதான் வலி. மூன்றாம் வாரத்தில் வாய் முழுவதும் வெந்து புண்ணானது. எச்சில் வற்றிவிட்டது. இப்போதும் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போக முடியாது. ருசி போனது. உப்பும் புளிப்பும் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன. இனிப்பு மண்போல இருக்கிறது. தாடை இறுகிப் போகாமலிருக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகச் சொன்னார்கள். தினமும் ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போக வேண்டும். ரேவதி குச்சிகளைக் கொதிக்கவைத்து எண்ணி வைப்பாள். பதினொரு குச்சிக்கு மேல் எனக்கு ஏறவில்லை.

சங்கீதா தாயி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் இடது கையின் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மைனே தியா நா தேரேகோ" என்றாள். நான்தானே உனக்குக் கொடுத்தேன் என்று. "உன் வாயைக் காட்டு தாயி, ஒரு தரம் டாக்டரிடம் காட்டு" என்று என் குழைந்த இந்தியில் கெஞ்சினேன். பயமாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டறையில் இன்னும் தேய்க்கிறாள் என்று கேள்விப்படுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் செம்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வளைகாப்பு. ரேடியேஷன் முடிந்து நான் போன முதல் விசேஷம். பந்தியில் எல்லாரும் உட்கார, எனக்கு மட்டும் ரசம் விட்டுக் குழைத்த சோறு ஒரு கிண்ணத்தில். ஓர் உறவுக்காரப் பெண் என் கன்னத்தைத் தடவி, "ஒரு கெட்ட பழக்கம் உண்டுமா இவளுக்கு? கடவுளுக்குக் கண்ணில்ல" என்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருப்பார். நான் முந்திக்கொண்டேன். "மிஸ்ரி தேய்ச்சேன். புகையிலை. அதான் வந்தது" என்றேன். வாய் குழறியதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரிசையில் ஒரு நிமிஷம் யாரும் சாப்பிடவில்லை. பிறகு ஒருத்தி ஊறுகாய் கேட்டாள்.

நான் கிண்ணத்தைக் கழுவப் போனபோது பின்னாலேயே இசக்கி வந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. மான்குர்தில் குடியிருக்கிறாள், முப்பத்தோரு வயது.

"அக்கா, நான் பொடி தேய்க்கல்ல. டியூப்ல பேஸ்ட் மாதிரி ஒன்னு வரும்லா, பழுப்பா, அதான். பேஸ்ட்டுதான?"

"தேய்ச்சதும் தலை கிர்ருங்குதா?"

அவள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அதுவும் புகையிலைதான். வாயத் தொற."

ரேவதியின் மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம், பால் ஆடை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. சுரண்டினால் வராது என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். அதே பெண் டாக்டர். இசக்கிக்கும் ஒரு துணுக்கு எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவுக்குப் போனோம். புற்று இல்லை. "ஆனால் ஆகக்கூடியது. இன்றோடு விட்டால் திட்டு மறையவும் வாய்ப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்" என்றார் டாக்டர். இசக்கி அந்த நாற்காலியிலேயே அழுதாள். டியூபை முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டதாகவும், தலைவலியில் தூங்கவே முடியவில்லை என்றும் சொன்னாள். டாக்டர் அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தார். என்னையும் உட்காரவைத்து விளக்கடித்துப் பார்த்தார். வலது பக்கம் விரலை வைத்து, "இங்கே லேசாக வெளுத்திருக்கிறது. அடுத்த மாதமே வாருங்கள்" என்றார். மூன்று மாதம் என்று எனக்குச் சொல்லவில்லை.

தாதரில் ரயில் ஏறினோம். லேடீஸ் பெட்டியில் இடம் கிடைத்தது. இசக்கிக்கு அன்று காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை. இப்போதுதான் பசி வந்தது. கடலைக்காரியிடம் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கினாள். எனக்கும் நீட்டப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "தின்னு" என்றேன். அவள் தின்ன ஆரம்பித்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றாள். ஒவ்வொரு கடலையும் நொறுங்குவது எனக்குக் கேட்டது. அவளுக்காக நான் சந்தோஷப்பட்டேன், அது பொய் இல்லை. ஆனாலும் நான் இறங்கும் சயான் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.